அப்பா எம்.சி. எடுத்த சனிக்கிழமை

வயிற்றுவலி என்று வீட்டில் படுத்திருக்கும் ஒருவர் அதே நேரத்தில் மேடையில் நின்று உறுமி அடிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவர் என் அப்பா. அப்போது எனக்கு ஒன்பது வயது.

கோலாலம்பூரை ஒட்டிய ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அது குடும்பத்துக்கு. உறுமி அவருக்கு. கோயில் திருவிழாக்களில் அடிக்கும் மேளக்குழு ஒன்றில் இருந்தார். கோலாலம்பூரில் வருடா வருடம் கலைவிழா நடக்கும். நகரத்தின் பல மூலைகளில் மேடை போட்டு ஆட்டமும் பாட்டமுமாக இருக்கும். அந்த வருடம் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு மேடை போட்டு, அப்பாவின் குழுவுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். கோயிலில் உறுமி அடித்தால் சாமி வந்தவர்கள் ஆடுவார்கள், மற்றவர்கள் சாமியைப் பார்ப்பார்கள். அடிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. இங்கேயோ நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள். அப்பா ஒரு மாதமாகத் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார்.

நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அன்றைக்கு அப்பாவுக்கு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்டு. சூப்பர்வைசரிடம் லீவு கேட்டார். அவர் ஒரு சீனர், மோசமான மனிதர் அல்ல. தீபாவளிக்குத் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து முறுக்கைக் கறுமுறுவென்று தின்றுவிட்டுப் போவார். ஆனால் கன்டெய்னர் ஏற்ற ஆள் இல்லை, லீவு கிடையாது என்றுவிட்டார். அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு திருவிழாக்களுக்குச் சொல்லாமல் போய் அப்பா எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். இன்னொரு தடவை மாட்டினால் வேலை போய்விடும் என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்கே அது மனப்பாடமாகியிருந்தது.

ஆகவே சனிக்கிழமை காலை அப்பா கிளினிக்குக்குப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் ஒரு நாள் ஓய்வு எழுதி எம்.சி. என்கிற மருத்துவச் சான்றிதழ் கொடுத்தார். அதைப் படமெடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பியதும் வயிற்றுவலி போய்விட்டது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் அம்மாவுக்கு வேலை, சனிக்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாது என்பதால் அப்பா தன்னோடு கூட்டிப்போனார்.

காரில் போகும்போது, "யாராச்சும் கேட்டா, அப்பாவுக்கு வயித்து வலி, வீட்ல படுத்திருக்காருன்னு சொல்லிடு பாப்பா," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் குற்றம் அப்பாவுடையது, குறுகுறுத்தது என் நெஞ்சு.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கியதிலிருந்து எனக்கு எல்லாமே ஆபத்தாகத் தெரிந்தன. யார் கையைப் பார்த்தாலும் போன். யார் போனைத் தூக்கினாலும் அது அப்பாவைத்தான் படம் பிடிக்கிறது, அந்தப் படம் நேராகத் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. ஓர் அக்கா மேடையைப் படமெடுத்தபோது நான் போய் முன்னால் நின்றேன். "தங்கச்சி, கொஞ்சம் நகந்துக்கமா," என்றார். இரண்டடி நகர்ந்து மறுபடியும் மறைத்தேன். அப்பா மஞ்சள் வேட்டியும் தலைப்பாகையுமாக வந்து, தன் போனை என் தோள்பையில் போட்டு, குழுவில் ஒருவரின் மனைவியான ஆன்டியின் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார். நெற்றியில் அவ்வளவு விபூதி பூசி நான் அவரைப் பார்த்ததில்லை. யாருக்கும் அடையாளம் தெரியாது என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி ஐந்து நிமிடம் நீடித்தது. வடைக்கடை முன்னால் சூப்பர்வைசர் நின்றார். சனிக்கிழமை அவருக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தோளில் அவருடைய சின்னப் பையன், பக்கத்தில் மனைவி. எனக்கு வயிறு கலங்கியது. வீட்டில் ஒருவருக்காவது அன்று உண்மையாகவே வயிறு சரியில்லை. அவர் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை, எந்த வடை வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் வடையை வாங்கிக்கொண்டு அவர் அப்படியே போயிருப்பார். ஆனால் வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் கைவந்த கலை. ஆன்டி அந்தப் பக்கம் பார்த்த நேரம் எழுந்து ஓடினேன். அவர் முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் மனனப் போட்டிக்கு நிற்பதைப் போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மலாய் மொழியில் ஒப்பித்தேன்.

"அங்கிள், அப்பாவுக்கு வயித்து வலி. வீட்ல படுத்திருக்காரு. இங்க வரல."

அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை. என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்தார். யாரோடு வந்தாய் என்று மலாயில் கேட்டார். இந்தக் கேள்விக்கு அப்பா எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தனியாக வந்தேன் என்றேன். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தா என்றார். ஆமாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தனியாக வந்த பிள்ளையை விட்டுவிட்டா போவார்? அவர் மனைவி எனக்கு ஒரு பையில் ஐஸ் போட்ட ரோஸ் சிராப் வாங்கிக் கொடுத்தார். நான்தான் அவரைப் பிடிக்கப் போனேன், கடைசியில் பிடிபட்டு நின்றது நான்.

அப்போது மேளம் தொடங்கியது. இடமிருந்து மூன்றாவதாக அப்பா. உறுமியின் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. சூப்பர்வைசரை மேடைப் பக்கம் பார்க்க விடக்கூடாது என்று நான் விடாமல் பேசினேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி, பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி, லிப்டு பழுதானதைப் பற்றி. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே மேடையைப் பார்த்தார். அப்பாவும் எங்களைப் பார்த்துவிட்டார். அவருடைய குச்சி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. மற்றவர்கள் அடித்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு சூப்பர்வைசர் போனை எடுத்தார். உன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் அழுத்தியதும் என் தோள்பைக்குள் உறுமி முழங்கியது. அப்பா தன்னுடைய மேளத்தையே பதிவு செய்து போனுக்கு மணியாக வைத்திருந்தார். சூப்பர்வைசர் என் பையைப் பார்த்தார். நான் தலைக்கு மேலே போன மோனோரயிலைப் பார்த்தேன். அவர் மெதுவாகப் போனை அணைத்துவிட்டு, அப்பா தூங்கட்டும், எழுப்ப வேண்டாம் என்றார்.

மேளம் முடிந்ததும் நாற்காலிகள் வரை என்னைக் கூட்டிப்போனார். ஆன்டி பதறிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். சூப்பர்வைசர், இவரைத் தெரியுமா என்று என்னிடம் கேட்டு, தெரியும் என்றதும் கையை விட்டார். மேடையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அப்பா வியர்வையோடு ஓடி வந்தார். "பாஸ்கிட்ட என்ன சொன்னே?" என்றார். ஒன்று விடாமல் சொன்னேன். தனியாக வந்தேன் என்று நானே யோசித்துச் சொன்னதை இரண்டு தடவை சொன்னேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தவர் வெகுநேரம் அதை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்து, காரில் வீட்டுக்குப் போகும் வழியில் "அவருக்குத் தெரியாதுப்பா," என்று ஆறுதல் சொன்னேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அப்பாதான் அவர் அறைக் கதவைத் தட்டி, அந்த எம்.சி. பொய், பிள்ளை சொன்னது நான் சொல்லிக் கொடுத்தது என்று சொல்லியிருக்கிறார். சொன்ன பிறகு அந்த மனிதர்தான் என்ன செய்வார்? இரண்டு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று கடிதம். இதுதான் கடைசி எச்சரிக்கை என்றும் அதில் எழுதியிருந்தது.

"அந்த மனுசனே பார்த்தும் பார்க்காத மாதிரி போயிட்டாரு. சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்று அம்மா பொரிந்து தள்ளினார்.

அப்பா சொன்னார்: "பாப்பா அவர் கையப் பிடிச்சுக்கிட்டு எனக்காகப் பொய் சொல்லிக்கிட்டு நின்னிருக்கு. நான் மேலே நின்னு மேளம் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அப்புறம் எப்படிலா சும்மா இருக்கிறது?"

அறைக்குள்ளிருந்து கேட்ட எனக்கு அழுகை பொங்கியது. அவ்வளவு பாடுபட்டு நான் காப்பாற்றிய வேலையை அப்பாவே கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்தாரே என்று கோபம். அதைவிட, நான் சொன்ன பொய் அத்தனை மோசமாகவா இருந்தது என்று வெட்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, முகம் மாறாமல், "அங்கிள், அப்பாவுக்கு வயித்து வலி," என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். அடுத்த வருடம் அப்பா வெட்கப்படாதபடி இதைவிட நன்றாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.