மூன்று ஷிப்டுக்கும் ஒரே பாடம்

எங்கள் கல்லூரியில் தொழிலாளர்களுக்காக நடந்துவந்த ஒரு வகுப்பை நான்தான் நிறுத்த வைத்தேன். யாரும் தூண்டிச் செய்ததில்லை. அந்த வகுப்பை நடத்தியவர் எங்கள் முதல்வர். நான் ஆசைப்பட்ட நாற்காலியில் என்னைவிட இளையவரான அந்த அம்மாள் உட்கார்ந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

டிப்ளமோ படித்துவிட்டுக் கணக்கில் அரியர் வைத்தவர்கள் பக்கத்து ஒரகடம் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஏராளம். அந்த ஒரு தாள் பாக்கி இருக்கும்வரை கான்ட்ராக்ட் ஆட்கள்தான். நிரந்தர வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர்களுக்காக முதல்வர் இலவசமாகக் கணக்கு எடுத்தார். ஷிப்ட் வாரா வாரம் மாறும் என்பதால், ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று முறை நடத்துவார். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குக் காலையில், மதிய ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு முற்பகலில், காலை ஷிப்ட் விட்டுக் கம்பெனி பஸ்ஸில் வந்து எங்கள் வாசலில் இறங்குகிறவர்களுக்கு மாலையில். இடையில் விடுதிச் சாப்பாட்டுப் புகார், பெற்றோர், ஆய்வுக் குழு என்று முதல்வர் வேலை அத்தனையும் பார்ப்பார். மூன்றாவது தடவை சொல்லும்போதும் அவர் குரலில் அலுப்பு இருக்காது.

காலை வகுப்பில் யாராவது தூங்கினால் எழுப்ப மாட்டார். "ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கான். முழிக்கும்போது கேட்டுப்பான்" என்பார். முழித்ததும் அவனுக்கு மட்டும் திரும்பச் சொல்வார்.

நானும் கணக்கு ஆசிரியர்தான். கால அட்டவணை என் பொறுப்பு. தாளாளரிடம் தனியாகப் போய், மாலையில் ஒரு வேளை வகுப்பு போதும், ஆர்வம் உள்ளவன் எப்படியும் வருவான் என்றேன். அது உண்மையில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். மதிய ஷிப்ட் என்றால் வேலையில் இருப்பான், இரவு ஷிப்ட் என்றால் தூங்கிக்கொண்டிருப்பான். மாறும் ஷிப்டில் நிற்கிறவன் மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் மாலையில் வர முடியும். முதல்வர் வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு, முக்கால்வாசிப் பேருக்கு மதிய ஷிப்ட் விழுந்த வாரமாகப் பார்த்துத் தாளாளரை அழைத்துப்போய்க் காலி பெஞ்சுகளைக் காட்டினேன். அந்தப் பருவத்தோடு வகுப்பு நின்றது. யோசனை என்னுடையது என்று முதல்வருக்குத் தெரியாது.

ஓய்வு பெற்றதும் அவர் சேரப்பணஞ்சேரியில் தன் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்டு, மறுபடியும் மூன்று வேளை ஆரம்பித்தார். நான் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தேன். சில வருடம் கழித்து, தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி அவருக்குக் குரல் எழும்பவில்லை, வகுப்பு நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். இரண்டாவது முறையும் அது நிற்பதை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கிசுகிசுப்பாக, "கம்பெனிக்காரங்கதான் தாளாளர்கிட்ட சொல்லி நிறுத்த வெச்சாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் சார். ரெண்டு மூணு மேனேஜர்கிட்ட சண்டைகூட போட்டேன். பாவம் அவங்க" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட சொன்னா போதாது. படிக்க வர்றவங்ககிட்ட சொல்லுங்க. மூணு பேட்ச்லயும் சொல்லணும்."

மூன்று பேட்சிலும் சொன்னேன். காலையில் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். முற்பகல் பேட்ச் புதியவர்கள், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மாலையில்தான் பழைய வகுப்பில் இருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்போது பாதியில் விட்டவர். பழைய அரியருக்குச் சிறப்பு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு திரும்பி வந்தவர்.

"அப்போ நான் ஹெல்ப்பரு சார். இப்பவும் ஹெல்ப்பருதான்" என்றார். "இன்னா சார், இத சொல்லிட்டு வூட்டுக்குப் போயிடுவீங்களா? பாடம் யாரு எடுக்கிறது?" என்று கேட்டார்.

அன்றைக்கே எடுக்க ஆரம்பித்தேன். மூன்று வேளையும். முதல் மாதம் மோசம். மேடம் சொன்னால் புரிகிறது, நீங்கள் சொன்னால் எழுதிக்கொள்ளத்தான் முடிகிறது என்று அந்த ஹெல்ப்பரே முகத்துக்கு நேராகச் சொன்னார். மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். நான் வேகமாகப் போனால் பெஞ்சில் விரலால் தட்டுவார். நான் நிறுத்தி, முதலிலிருந்து சொல்வேன். கேள்வி கேட்டவனிடமே பதிலைக் கறந்துவிடும் வித்தையை அறுபத்தைந்து வயதுக்கு மேல் மேடத்திடம் கற்றுக்கொண்டேன். இப்போது அவரிடம் முன்பு படித்துப் பெரிய கம்பெனிகளில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர்களும் வார விடுமுறையில் வந்து எடுக்கிறார்கள். வகுப்பு இனி ஒருவர் தொண்டையை நம்பி இல்லை.

அந்தப் பழைய ஹெல்ப்பர் போன பருவத்தில் தேறினார். செய்தி எனக்கு மேடம் சொல்லித்தான் தெரியும். மேடத்துக்கு இனிப்புக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாரிடம் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, "அவரு மேல கோவம் இன்னும் கீது மேடம். ஆனா நல்லாத்தான் எடுத்தாரு" என்றாராம். நியாயம்தான். வயது தாண்டிவிட்டதால் பெரிய கம்பெனியில் அவரை எடுக்கவில்லை. உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். நான் பறித்த வருடங்கள் அதில் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மாடிக்கு வருகிறார். தடுமாறுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார். என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. சாக்பீஸ் தீர்ந்தால் மட்டும், "சார், படப்பை கடையில வாங்கியாந்துடுங்க" என்பார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருகிறேன்.