நெல்லையிலிருந்து ஏரலுக்கு 75 குதிரைத்திறனில்

கடந்த ஐப்பசியில், பிசானப் பருவ நெல்லுக்கு உழவு தொடங்கிய வாரம், நெல்லையில் வாங்கிய புது டிராக்டரை நானே ஏரல் வரை ஓட்டி வந்தேன். எல்லாம் ஒரு வயலுக்காக. ஏரலில் எங்களுக்குள்ள இரண்டு ஏக்கரில் சேறு அவ்வளவு ஆழம். வாடகை டிராக்டர்கள் புதைந்துவிடும் என்று இரண்டு வருடமாக யாரும் இறங்கவில்லை. இந்த முறையும் உழ முடியாவிட்டால், வாழை போடக் குத்தகைக்குத் தருவதாகப் பக்கத்து வயல் அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன்.

வண்டியைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர், 75 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய மூன்று டன். முன்னுக்குப் பன்னிரண்டு கியர், பின்னுக்குப் பன்னிரண்டு. பின்னால் 2,500 கிலோவைத் தூக்கும். முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்க இருக்கைக்குக் கீழே தனி லிவர். கிளம்பும்போதே அதைப் போட்டுவிட்டேன். நாலு சக்கரத்துக்கும் காசு கொடுத்திருக்கிறேனே!

காலை 6.10க்குப் புறப்பட்டு, 6.50க்குச் செய்துங்கநல்லூரில் டீக்கு நிறுத்தினேன். ஸ்டியரிங் திருப்பித் தோள் வலித்தது. அங்கே நின்ற லோடு ஆட்டோக்காரர் முன் டயரில் விழுந்திருந்த உரசல் தடத்தைக் குனிந்து பார்த்தார்.

"யக்கா, தார் ரோட்டுல என்னத்துக்கு நாலு வீலையும் போட்டு ஓட்டுதீய? டயரு தேஞ்சிரும்லா!"

வெட்கத்தோடு லிவரை எடுத்துவிட்டேன். அதன்பின் வண்டி பூப்போல ஓடியது. புதுக்குடியில் ஆற்றைக் கடந்து, 8.10க்கு ஏரல். மொத்தம் 40 கி.மீ.; டீசல் 14 லிட்டர், சுமார் 1,300 ரூபாய்.

மண்ணைக் கலக்கும் ரோட்டவேட்டரை மாட்டி, பத்து மணிக்கு வயலில் இறங்கினேன். வரப்பில் அண்ணாச்சி நின்றார். முப்பதடி போவதற்குள் பின் சக்கரங்கள் வெறுமனே சுற்றி, அச்சு வரை புதைந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் அப்பமே சொன்னேம்லா தங்கச்சி! வாழைக்கு விட்டுருங்க."

அப்போதுதான் உறைத்தது. ரோட்டில் எடுத்த லிவரை நான் திரும்பப் போடவே இல்லை! ரோட்டவேட்டரைத் தூக்கி, லிவரைப் போட்டு, முதல் கியரில் பைய கிளட்சை விட்டேன். முன் சக்கரங்கள் சேற்றைக் கவ்வின. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஏறி வந்தது. மதியம் ஒன்றரைக்குள் இரண்டு ஏக்கரும் உழுது முடித்தேன். அவ்வளவு பெருமை எனக்கு; சேற்றுக் காலோடு இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இப்படி வண்டி எடுத்து வருபவர்கள் விடியலிலேயே கிளம்புங்கள். இடது, வலது பிரேக் மிதிகளை ரோட்டில் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி இழுத்துவிடும். நாலு சக்கர லிவர் தாரில் வேண்டாம், சேற்றில் மறக்கவே வேண்டாம்.

அண்ணாச்சி சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். குத்தகைப் பேச்சை எடுக்கவே இல்லை. "தங்கச்சி, நம்ம வயலுக்கு என்னைக்கு வாரீய?" என்று கேட்டார்.