பீடி இலை மயில்

போன வருஷம், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரம். தென்காசிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு கைவேலை. காய்ந்த இலை, விதை, பழைய துணி, எது கிடைக்கிறதோ அதை ஒட்டி வீட்டிலேயே ஒரு படம் செய்து வர வேண்டும். பெரியவர்கள் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

மற்றவர்கள் கொண்டு வந்தவையெல்லாம் பசை வழிந்து, ஓரம் பிய்ந்து, பிள்ளைகள் செய்தது மாதிரியே இருந்தன. ஒரு சிறுமி மட்டும் மயில் கொண்டு வந்தாள். தோகையில் ஒவ்வொரு இலையும் ஒரே அளவு. அசந்துபோய்ப் பாராட்டினேன். அடுத்த வாரம் மீன். அதற்கடுத்த வாரம் தேர். முகர்ந்து பார்த்தால் லேசாகப் புகையிலை வாசனை.

அப்போதுதான் சந்தேகம் தட்டியது. கடையில் வாங்கியதா? வேறு யாராவது செய்து கொடுக்கிறார்களா? அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தேன். பசை காய்ந்த தடம்கூட இல்லை.

"நீயா செஞ்ச?"

"ஆமா டீச்சர்." தரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான்காவது வாரம் அவளை எல்லோருக்கும் முன்னால் உட்காரவைத்து, இலையும் கத்தரியும் கொடுத்து, அதே மயிலைச் செய்யச் சொன்னேன். கத்தரி கோணல்மாணலாக ஓடியது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி எனக்கு. "பொய் சொல்லிப் பேர் வாங்குறதும் திருட்டுத்தான்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அழவில்லை. அதைக்கூட நெஞ்சழுத்தம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

திங்கள், செவ்வாய் அவள் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வீட்டைத் தேடிப் போனேன். பெற்றோரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

அவள் அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்து, மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரே அளவாக வெட்டிய இலைகள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீய டீச்சர். செஞ்சது நாந்தான். அவளப் பொய் சொல்லச் சொன்னதும் நாந்தான்."

"ஏன்மா அப்படி?"

மடியிலிருந்த சொளவை இறக்கி வைத்தார். "அஞ்சாப்போட படிப்ப நிறுத்திட்டு சொளவத் தூக்குனவ நான். மொதத் தடவ சும்மா ஒத்தாசைக்குத்தான் செஞ்சேன். நீங்க அதுல 'மிக நன்று'ன்னு எழுதி விட்டிய. எனக்கு இதுவரைக்கும் யாரும் அப்படி எழுதுனதில்ல. இன்னொரு தடவ எழுதுவியளான்னு ஆசையா இருந்துச்சு." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்ற சிறுமியிடம், "நீ ஒண்ணுமே செய்யலையா?" என்று கேட்டேன். டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து வந்தாள். எல்லாம் அவளே ஒட்டியவை. மயிலுக்கு மூன்று கால். மீன் சிரித்துக்கொண்டிருந்தது.

"இத ஏன் கொண்டு வரல?"

"நான் வந்ததும் டீச்சர் என்ன எழுதுனாவன்னு அம்மா கேப்பா" என்றாள்.

அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

மறுநாள் அவள் வந்தாள். அதே வகுப்பில், எல்லோருக்கும் முன்னால், நான் செய்தது தப்பு என்று அவளிடம் சொன்னேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி அவள் அம்மாவை வரவழைத்தேன். ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு இலை வெட்டக் கற்றுக் கொடுத்தார். பிள்ளைகள் அவரையும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஆனாலும் அந்தச் சிறுமி என்னிடம் பழையபடி பேச மாதங்கள் ஆயின.

என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற ஒரே தைரியத்தில், ஒரு பிள்ளையைப் பார்த்து வகுப்பு முழுக்கச் சிரிக்க விட்டேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.