ஓடிப்போனது என் வீட்டுக்காரர் இல்லை

இன்று காலை பாபநாசம் டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மலையில் சைக்கிள் ஓட்ட வந்த நாலைந்து பேருக்கு நடுவில் ஒரு தொப்பைக்காரர் கதையளந்துகொண்டிருந்தார்.

"தொண்ணூறுகள்ல காரையார் காட்டுப் பாதையில கியர் சைக்கிள்ல இறங்குனேன். எதுத்தாப்புல யானை! வழி காட்ட வந்தவன் ஓடிட்டான். நான் போட்ட சத்தத்துல யானை திரும்பிப் போயிருச்சு."

கதையைக் கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு வழி காட்டப் போனவர் என் வீட்டுக்காரர். அவர் காலமாகி ஆறு வருஷமாகிறது.

எழுந்து போய், "ஓடிப்போனவரா உம்ம முதுகுல சுமந்துட்டு வந்தாரு?" என்றேன்.

"யாரும்மா நீங்க?"

"பாறையில விழுந்து கால ஒடிச்சிட்டு, எம்மா எம்மான்னு அலறுனீரு. யானைக்குக் கேட்டிரக் கூடாதுன்னு என் வீட்டுக்காரருதான் தலைத்துண்ட உருவி உம்ம வாயில திணிச்சாரு. எங்க வீட்டு வாசல்ல இறக்கும்போதும் துண்டு வாயிலதான் இருந்துச்சு. அத உருவுனது நான். வாயில துண்ட வச்சிக்கிட்டு எப்படிவே யானைய விரட்டுனீரு?"

கூட்டத்தில் ஒருவர், "அண்ணாச்சி, நெசமா?" என்று சிரித்தார்.

தொப்பைக்காரர் முகம் சுண்டிவிட்டது. "பழசெல்லாம் மறந்துபோச்சும்மா. ஒரு டீ சாப்பிடுங்க."

"மறந்தா பேசாம இருக்கணும்வே. ஓடிட்டான்னு எதுக்குச் சொன்னீரு?"

டீ வேண்டாமென்று, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நாலு பேர் முன்னால் ஒரு பெரிய மனுஷனை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்பவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். சொந்தப் பெயரிலேயே எழுதுங்கள். எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.