யாரோ போட்ட டிக்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. கணினியில் யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று ஒழுங்கு செய்கிறேன். ஆட்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. குழுவாகப் பிரித்து, குழுவுக்குத்தான் அனுமதி. பகலெல்லாம் இதைச் செய்கிறவள், எங்கள் கிள்ளான் கோயிலில் இதே விஷயத்தில் மூக்குடைபட்டேன் என்றால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ற ஆண்டு கோயில் நிர்வாகக் குழுவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் பெண் என்று மாலை போட்டு, படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். கல்யாண மண்டபம் கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு நிர்வாகக் குழுவில் யார் வேண்டுமானாலும் கணினியில் ஒப்புதல் தரலாம்.

அன்னதானத்துக்கு வெகுகாலமாகச் சமைக்கும் அக்கா ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்குத் தை முகூர்த்தம் ஒன்றைக் கேட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் குறித்த நாள் அது. வெளி மண்டபத்துக்கு அவருக்கு வசதி இல்லை. "நீ உள்ள இருக்கியே, எனக்கென்ன கவலை" என்றார்.

ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை.

கோயில் செயலாளரைப் போனில் அழைத்தேன். "சிஸ்டம் அப்படித்தான்மா, டிஃபால்ட் லா. கொஞ்சம் சாபார் பண்ணு" என்று பொறுத்திருக்கச் சொன்னார்.

விதிகளை மாற்றும் உரிமை அவருக்கு மட்டும்தான். பார்க்க எனக்கும் முடியும். பார்த்தேன். மகளிர் பிரிவிலிருந்து வந்தவள் என்பதால் நான் இரண்டு குழுக்களில் இருந்தேன். நிர்வாகக் குழுவுக்கு அனுமதி. மகளிர் பிரிவுக்கு மறுப்பு. ஒருவர் இரண்டிலும் இருந்தால் மறுப்புதான் ஜெயிக்கும், எங்கள் தொழிலில் அது அரிச்சுவடி. இளைஞர் பிரிவிலிருந்து வந்த உறுப்பினருக்கு ஒரு தடையும் இல்லை. அந்தப் பிரிவுக்கு நேரே மறுப்புக் கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் யாரையும் தடுக்காது. மறுப்பு தானாக வருவதும் இல்லை. யாராவது உட்கார்ந்து, மகளிர் என்ற பெயரைப் படித்து, அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும்.

மாலை போட்ட கைகளில் ஒன்றுதான் இதையும் போட்டிருக்கும்.

"அண்ணே, அந்த ஒரு டிக்க எடுத்துட்டா போதும்" என்று செயலாளரிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். "மீட்டிங்ல பேசுவோம்மா" என்றார். மீட்டிங் கூடுவதற்குள் அந்தத் தேதி தலைவரின் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

சமையலறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். இன்னொரு கத்தரிக்காயை எடுத்து நறுக்கினார். பிறகு, "விடும்மா, கம்ப்யூட்டர் மாட்டேங்குதுன்னா நீ என்ன பண்ணுவ" என்று என்னையே தேற்றினார்.

"கம்ப்யூட்டர் இல்லக்கா. நம்ம ஆளுங்கதான்" என்றேன்.

அவர் கை நின்றது. வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசும்மா. அந்தக் கல்யாணத்துக்கு என்னையத்தான் சமைக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.