மேல்மாடிக் கடலம்மா

டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எங்களுக்கு மேல்மாடியில் கியூபா நாட்டுப் பெண் ஒருவர் இருந்தார். ஞாயிறு மதியங்களில் எங்கள் கூரை அதிரும். முறைப்பாடு சொல்ல மனைவி என்னை அனுப்பினாள்.

கதவைத் திறந்தவர் நீலப் பாவாடையும் வெறுங்காலுமாக, இடுப்பை அலைபோல அசைத்தபடியே ஆங்கிலத்தில் பேசினார். "இது யொரூபா மக்களின் கடல்தாய் யெமாயாவின் ஆட்டம். அடிமைக் கப்பலில் எல்லாம் இழந்த என் முன்னோர் இதை மட்டும் விடவில்லை. நிறுத்தச் சொல்வதானால் அவளிடமே சொல்லுங்கள்."

இறங்கி வந்தேன்.

"சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"மேலை சாமி வந்து ஆடுது. நான் என்னெண்டு நிப்பாட்டச் சொல்லுறது?"

"சாமியோ? அப்ப வெறுங்கையோடையே போனனீங்கள்?" என்று சீறினாள்.

வீட்டிலிருந்த தர்பூசணியை, எங்கள் வத்தகப்பழத்தை, தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். அவர் அதைத் தலையில் வைத்து ஒரு சுற்று ஆடிவிட்டு, "நன்றி, மகனே" என்றார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். சொன்னது அவரா, கடலம்மாவா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.