சட்டைப்பையில் ஒரு ஹீட்டர் பிளக்

அப்பாவும் மகளுமாக நாங்கள் கடைசியாகச் சேர்ந்து பார்த்த வேலை, ஒரு பழைய டீசல் காரின் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிச் சோதித்தது. 1991, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளானில். விற்பவர் மளிகைக்கடை சபாபதி. வாங்க இருந்தவர் கன்னையா அங்கிள். அப்பாவும் அவரும் ரவாங்கில் ஒன்றாகப் படித்தவர்கள். அவருடைய டாக்சி ஓடி ஓடிப் படுத்துவிட்டது. மாதம் முடிவதற்குள் அலுவலகத்தில் வேறு கார் காட்டாவிட்டால் டாக்சி பெர்மிட் போய்விடும்.

அப்பா நேராகக் காரிடம் போனார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கே."

"நீங்க வர்றீங்கன்னு இப்பதான் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன் அண்ணே," என்றார் சபாபதி. விருந்தாளி வருவதற்கு முன்பே மின்விசிறியைப் போட்டு வைக்கிற மனிதர் அவர். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

"பெட்ரோல் காருன்னா பரவால்ல. டீசல் சூடா இருந்தா நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும் லா. தூங்கி எழுந்திரிக்கிறப்ப பாக்கணும்."

இதில் விளக்க வேண்டியது கொஞ்சம்தான். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் டீசல் பற்றுகிறது. உள்ளே தேய்மானம் இருந்தால் அழுத்தம் குறையும், குளிர்ந்த எஞ்சின் எழுந்திருக்க அடம்பிடிக்கும். சூடான எஞ்சினில் அது தெரியாது. காலையில் எழுப்பிவிட உதவத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக்.

நான்கையும் கழற்றினோம். நான் பேட்டரி வயரைப் பிடித்துக்கொண்டேன், அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மூன்றின் நுனி சிவந்தது. நான்காவது சிவக்கவில்லை. மூன்றைத் திருப்பிப் போட்டார். நான்காவதைப் பத்திரிகைத்தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலி ஓட்டையைத் தன் கைக்குட்டையால் இறுக்கி அடைத்தார்.

"நம்பர் எழுதிக்கிட்டா போதும்பா. இதையே போட்டுட்டு வரலாம்," என்றேன். நான் சுபாங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு எஞ்சினியர்.

"போதும். ஆனா ஓட்டை திறந்து கெடந்தா யாரும் ஸ்டார்ட் பண்ண மாட்டாங்கள்ல? இது என் பாக்கெட்ல இருக்கிற வரைக்கும் எஞ்சின் தூங்கும்."

சபாபதி சிரித்துவிட்டார். "அண்ணே, என்னை நம்பலையா?"

"உன்ன நம்புறேன் தம்பி. எஞ்சினத்தான் நம்பல. புதன்கிழமை விடிஞ்சதும் புது பிளக்கோட வரேன். கன்னையா, அதுவரைக்கும் பொறுத்துக்க."

"நீ சொல்லாம நான் எப்ப வாங்கினேன்?" என்றார் கன்னையா அங்கிள்.

அப்பாவின் பெயர் பக்கிரிசாமி. பதினெட்டு வயதில் ரயில்வேயில் எஞ்சின் துடைப்பவராகச் சேர்ந்தார். நீராவி போய் டீசல் வந்தபோது, டீசலை முதலில் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர். செந்தூல் பட்டறையில் பிட்டராக ஓய்வு பெற்றார். நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸில் யாராவது டீசல் கார் பார்க்கப் போனால் அப்பாவைக் கூட்டிப்போவார்கள். கூலி, நுரைக்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ. சொந்தமாக அவர் கார் வாங்கியதே இல்லை. கேட்டால், "வாங்குற ஆசை வந்துட்டா குறை கண்ணுல படாது," என்பார். நான் வாங்கியது பெட்ரோல் கார். அதைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இருக்கை நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

அவர் எஞ்சினைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. உண்மையில் அவருக்குக் காது பாதிதான் கேட்கும். பட்டறை அதைத் தின்றுவிட்டது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொள்வார். எலும்பு வழியாகத்தான் கேட்டார். எங்கள் வீட்டுக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது.

கடைசியில் சொல்வதும் ஒரே வார்த்தைதான். 'எடு' அல்லது 'விடு'. வாங்கிய பிறகு சின்னச் சின்ன சாமான்களை அவரே மாற்றிக் கொடுப்பார். கழற்றிய பழையதைத் துடைத்து உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். கெட்டுப்போனதுகூட அவர்களுடையது என்பார்.

திங்கட்கிழமை பிளக் வாங்கக் கிளம்பினார். மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. வயது ஐம்பத்தொன்பது.

ஆஸ்பத்திரியில் அவருடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன்.

கன்னையா அங்கிள் தினமும் வந்தார். நாற்காலி எடுத்துப் போட்டார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஒன்பதாம் நாள் வாசலில் நின்றபோது, அவர் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வருவதைப் பார்த்தேன். டாக்சிக்காரர் ரவாங்கிலிருந்து ஒன்பது நாளாகப் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்கிள், கிள்ளான் காரு என்னாச்சு?"

"அது கெடக்குது லா. இப்ப அதுவா முக்கியம்?"

"பெர்மிட்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் நாலு நாள் இருக்கு. வேற வண்டி பாத்துக்கலாம்மா. நீ மனசைப் போட்டு உழட்டிக்காத."

அவர் வேறு வண்டி எதையும் பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

பையைப் பிரித்தேன். கண்ணாடி, சீப்பு, அடையாள அட்டை, பத்திரிகைத்தாளில் சுற்றிய பிளக்.

அம்மா கதவோரம் நின்றிருந்தார். நாளைக்குக் கிள்ளான் போகிறேன் என்றேன். "பதினாறு முடியல. தீட்டோட நீ எப்படி இன்னொருத்தங்க வீட்டுக்குப் போவ? அதுவும் புதுசா வண்டி வாங்குற காரியம்." நான் பிளக்கை நீட்டினேன். அம்மா பிளக்கை வாங்கிப் பார்த்தார். அதன் எடையைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"வாசப்படி ஏறாத. தண்ணிகூட வாங்கிக் குடிக்காத. வேலைய முடிச்சிட்டு வந்துடு. உங்கப்பா சொல்லிட்டு வந்தது அது."

அன்று மாலையே கடையில் அதே அளவில் ஒரு பிளக் வாங்கினேன். கன்னையா அங்கிளிடம் சொல்லிவிட்டு, சபாபதிக்குப் போன் செய்தேன். "காலையில ஆறரைக்கு வரேன் அங்கிள். ஆனா வீட்டுக்குள்ள வர முடியாது," என்றேன். "தெரியும்மா, வா," என்றார்.

போனபோது கார் வீட்டுக்குள் இல்லை. கேட்டுக்கு வெளியே, சாலையோரம் நின்றது. சபாபதியும், முதல் பஸ்ஸில் வந்திருந்த கன்னையா அங்கிளும் வேர்த்துப்போய் இருந்தார்கள்.

"தள்ளியே கொண்டாந்துட்டோம்," என்றார் சபாபதி. "நீ இங்கேயே நின்னு பாரு, சங்கடம் வேணாம். கை கழுவ வாளியில தண்ணியும் சோப்பும் இருக்கு."

"இந்த ஆளு தள்ளுனாரா? வாயாலதான் தள்ளுனாரு," என்றார் கன்னையா அங்கிள்.

பானெட்டில் கை வைத்தேன். பனியின் ஈரம். குளிர்ச்சி.

திறந்தேன். நான்காவது ஓட்டையில் அப்பாவின் கைக்குட்டை அப்படியே இருந்தது.

"வேற பிளக் வாங்கிப் போட்டிருக்கலாம்," என்றார் சபாபதி மெதுவாக. "இன்னொருத்தர்கூட கார் கேட்டு வந்தாரு. ஆனா அண்ணன் அடைச்சு வெச்ச துணிய எடுக்க எனக்கு மனசு வரல."

நான் எடுத்தேன். புது பிளக்கை முடுக்கினேன், வயரை இணைத்தேன். சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்தேன். முழுவதும் திருப்பினேன். இரண்டு சுற்று. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வந்து தெளிந்தது. எண்ணெய் மூடியைத் தலைகீழாக அதன் வாய் மேலேயே வைத்தேன். உள்ளிருந்து அழுத்தம் கசிந்தால் மூடி குதிக்கும். குதிக்கவில்லை.

அப்பாவின் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோயிருந்தேன். முனையை எஞ்சின் மேல் வைத்துப் பிடியைத் தாடையில் அழுத்தினேன். நான்கு தட்டல்களும் சீராக எலும்பில் ஏறின. என் காதில் கோளாறு இல்லை. அப்படிக் கேட்கத் தேவையே இல்லை. ஆனாலும் தேவைக்கு மேல் நின்றுவிட்டேன்.

"என்னம்மா? உள்ள ஏதும் சத்தமா?" என்று கன்னையா அங்கிள் கிட்டே வந்தார்.

"இல்ல அங்கிள். பின் பிரேக் மட்டும் ஒருதடவை பாத்துக்குங்க."

"அப்ப...?"

நான் அதுவரை யாருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"எடுங்க."

கன்னையா அங்கிள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி நின்று சாலையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அந்தக் காரைக் கொண்டுபோய்க் காட்டினார். பெர்மிட் தங்கியது.

வாளித் தண்ணீரில் கை கழுவினேன். கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில், பெடரல் ஹைவேயில் நினைவு வந்தது. பழைய பிளக் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. கழற்றும்போது கார் சபாபதியுடையது. துடைத்து, அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னும் கொடுக்கவில்லை.